பல் மிஸ்ஸி வந்த நாளில் எழுதிய பெயர்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் நடந்தது இது. எனக்குப் பத்து வயது. நான்காம் வகுப்பு. வகுப்புக்கு நான்தான் மானிட்டர். பேசுகிறவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கிற வேலை. அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியாது.

செம்பனைக்கு நடுவில் இருக்கும் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். காற்றடித்தால் மழை பெய்கிற சத்தம் வரும். ஓடிப்போய்ப் பார்த்தால் மழை இருக்காது. ஓலைகள்தான் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். நட்ட நடுப்பகலிலும் மரங்களுக்கடியில் இருட்டு கலையாமல் கிடக்கும். அந்த இருட்டுக்குள்ளிருந்துதான் ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்க முத்திரை போட்ட சாம்பல் நிற வேன் ஒன்று வரும். அது வந்து நின்றதும், யாரும் சொல்லாமலே, பள்ளி முழுக்க ஒரே நேரத்தில் அடங்கிப்போகும். பல் மிஸ்ஸி வந்துவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். பல் மிஸ்ஸி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. வெள்ளைச் சீருடை, காலில் வெள்ளைச் சப்பாத்து, பாதி முகத்தை மறைத்த துணி. உண்மையில் மெதுவான கைகள் அவருக்கு. இன்று நினைத்துப் பார்த்தால் அந்தக் குரலில் ஒரு தாலாட்டுகூட இருந்தது. ஆனால் வேனிலிருந்து இறங்குகிற சாமான்களைப் பார்த்த பிள்ளைக்குத் தாலாட்டு எங்கே காதில் விழும்? கால்களை மடக்கிக்கொண்ட இரும்பு நாற்காலி. தையல் மெஷின்போல் காலால் மிதித்து ஓட்டுகிற, பல் துளைக்கும் கருவி. மூடி போட்ட தகரப் பெட்டி. அதைத் தூக்கும்போது உள்ளே ஏதோ ஒன்றன்மேல் ஒன்று புரளும்.

நூலகத்தில்தான் பல் பார்ப்பார்கள். நூலகம் என்பது பெயருக்குத்தான். இரண்டு அலமாரி, ஓர் உலக உருண்டை. அதற்கு இரண்டு வாசல். முன்வாசல் தாழ்வாரத்தில் திறக்கும். பின்வாசல் கேண்டீனுக்குப் பின்புறம், தகரச் சாய்ப்புக்குக் கீழே. முந்தின ஆண்டு ஒரு பையன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, சட்டையெல்லாம் இரத்தமாக, முன்வாசல் வழியே அழுதுகொண்டு வந்தான். அவனைக் கண்டதும் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் செம்பனைக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். தேடிப் பிடித்துக் கொண்டுவர மத்தியானமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர் ஓர் ஏற்பாடு செய்தார். முன்வாசலில் நுழைகிறவர் பின்வாசலில் வெளியேற வேண்டும்.

பிள்ளைகள் பயப்படக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பேர் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி உள்ளே போகிறாள். கதவு மூடிக்கொள்கிறது. கடக் கடக் என்று மிதிக்கிற சத்தம். கதவிடுக்கில் கிராம்பு எண்ணெய் வாசம். பிறகு கதவு திறக்கிறது. நாற்காலியில் யாரும் இல்லை. அடுத்த பேர்.

அந்த ஆண்டு புதிதாக இன்னொன்றும் சேர்ந்தது. காலையில் எங்களையெல்லாம் கேண்டீன் ஓரத்துச் சிமெண்டுக் கால்வாய் நெடுகக் குந்த வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குவளைத் தண்ணீர், ஆளுக்கு ஒரு பல் துலக்கி, ஆளுக்கு ஒரு சிவப்பு மாத்திரை. அதை மென்றால் அழுக்கு இருக்கிற இடமெல்லாம் சிவந்துபோகும். அந்தச் சிவப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். மென்றோம். அவ்வளவுதான். பல், நாக்கு, உதடு, தாடை, சட்டைக் காலர் எல்லாம் சிவந்து போயின.

"டேய், இங்க பாருடா, ரத்தக் காட்டேரி!"

"நீ மட்டும் என்னவாம்? கோழி தின்ன மூசாங் பூன மாரி இருக்க!"

"சார், இவன் எம்மேல துப்புறான் சார்!"

"பேசாம தேய்ங்க! மேல பத்து, கீழ பத்து!"

நாற்பது பிள்ளைகள் வரிசையாகக் குந்தி, சிவந்த வாயோடு கால்வாயில் துப்பிக்கொண்டிருக்கிறார்கள். கால்வாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடி, செம்பனைக் காட்டுப் பக்கம் வளைந்து மறைகிறது. பற்களில் இருந்தது போனது. உதட்டிலும் நாக்கிலும் ஏறியது போகவில்லை. அந்தக் காலை முழுக்க எங்கள் வகுப்பில் எல்லா வாய்களும் சிவப்பாகவே இருந்தன.

மானிட்டர் என்பதால் என்னைத்தான் முதலில் அனுப்பினார்கள். மிஸ்ஸி, "ஙாங்ஙா" என்றார். வாயைப் பெரிதாகத் திற என்று அர்த்தம். கண்ணாடிக் குச்சி உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியது. "பாகுஸ்", நன்றாக இருக்கிறது, என்று கன்னத்தைத் தட்டினார். ஒரு பல்லும் சொத்தை இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பின்வாசலில் சார் நின்றிருந்தார். எங்கள் வகுப்பாசிரியர். கெட்டவர் இல்லை, நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்க்கிற அவசரத்தில் இருந்தார். பல் பிடுங்கியவர்கள் பஞ்சைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். யாருக்கு எப்போது அரைமணி ஆகிறது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால் சார் அதை ஓய்வு மணி அடிக்கும்வரை என்று ஆக்கிவிட்டார்.

"மானிட்டர், நீ இங்க ஒக்காரு. எவன் வாயத் தொறந்தாலும் பேர எழுது. மணி அடிச்சதும் ரோத்தான் பிரம்ப எடுத்துக்கிட்டு வரேன்."

சொல்லிவிட்டு முன்வாசல் வரிசையைப் பார்க்கப் போய்விட்டார். தகரச் சாய்ப்புக்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. எதிரே எனக்கு ஒரு முக்காலி. மடியில் நோட்டு, கையில் பென்சில்.

ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே வந்தார்கள். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, உதடு சிவந்து, கண் கலங்கி. வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பதினோரு பேர் ஆனார்கள். பதினோரு மூடிய வாய்கள் என்னையே பார்த்துக்கொண்டு வரிசையாக இருந்தன. வாய் மூடியிருந்தால் கண் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். ஓலைகள் மழைபோல் இரைந்தன. சுவருக்குப் பின்னால் கடக் கடக். அந்த இடத்தில் பேச முடிந்த ஒரே வாய் என்னுடையது. அது எனக்குப் பிடித்திருந்தது.

வகுப்பிலேயே பெரிய வாயாடி ஒருவன் முதல் ஐந்து நிமிடத்திலேயே, "பஞ்சு கசக்குது" என்று உளறி மாட்டிக்கொண்டான். எழுதினேன். மற்றவர்கள் சிரித்தார்கள், வாயைத் திறக்காமல் மூக்கு வழியாக, ம்ம்ம் என்று. பத்துப் பிள்ளைகள் அப்படிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? தூரத்தில் தேனீக்கூடு ஒன்று கலைந்ததுபோல் இருந்தது.

பெஞ்சின் கடைசியில் அவள். அந்த ஆண்டுதான் வேறு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தவள். எண்ணெய் வழிய இரட்டைச் சடை. கையிலோ காலிலோ எப்போதும் ஒரு நீலக் கன்றல் இருக்கும். விழுந்தாயா என்று கேட்டால், உதட்டைப் பிதுக்குவாள். வகுப்பில் அவள் பேசி நான் கேட்டதில்லை. என் நோட்டில் ஒருமுறைகூட அவள் பெயர் ஏறியதில்லை. ஆடிக்கொண்டிருந்த ஒரு பால்பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். சின்ன வேலைதான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது. க்ளுக். குடத்துக்குள் தண்ணீர் அசைந்ததுபோல். நிமிர்ந்தேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். திரும்பவும் க்ளுக். அவள் தொண்டை ஏறி இறங்கியது.

"ஏய், என்னா முழுங்குற? ஆசாம்போய் வச்சிருக்கியா?"

உப்பும் புளிப்புமாகக் கடையில் விற்கும் காய்ந்த பழம் அது. அவள் இல்லையென்று தலையாட்டினாள். பெஞ்சு மறுபடி மூக்கால் சிரித்தது.

அவள் கையைத் தூக்கினாள். வாயைக் காட்டினாள்.

"மூடு. இன்னும் மணி அடிக்கல."

கை இறங்கவில்லை.

"பேர எழுதிருவேன், பாத்துக்க."

கை மெல்ல இறங்கியது. கண் மட்டும் இறங்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்தேன். உதட்டோரத்தில் ஒரு சிவப்புக் கோடு. சட்டைக் கையால் துடைத்தாள். அது மறுபடி வந்தது. மாத்திரை, என்று நினைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் சிவப்புத்தானே.

இங்கேதான் நான் நாற்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறேன். மாத்திரையின் சிவப்பு ரோஜா நிறம். அதுவும் மற்றவர்கள் உதட்டில் அதற்குள் காய்ந்து வெளுத்திருந்தது. இவளுடையது ஈரம். வேறு சிவப்பு. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்த அந்த நிமிடத்தில் நான் என்ன செய்தேன்? அவள் மறுபடி கையைத் தூக்கியபோது, சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று அவள் பெயரை எழுதினேன். முழுப் பெயர், அப்பா பெயரோடு. எழுத்து அழகாக வரவேண்டும் என்று பென்சிலை அழுத்தாமல், நிதானமாக எழுதினேன்.

அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்கவில்லை.

க்ளுக். கொஞ்ச நேரம் ஓலை இரைச்சல். க்ளுக். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அவள் முகம் அரிசி களைந்த தண்ணீர்போல் வெளுத்துக்கொண்டே வந்தது. வெளுக்க வெளுக்க உதடு மட்டும் தனியாகத் தெரிந்தது. பெஞ்சில் ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. பக்கத்தில் இருந்தவள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தனை கண்களும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு வாயும் திறக்கவில்லை. என் பென்சிலுக்குப் பயந்து.

பிறகு அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். யாரோ தள்ளியதுபோல் இல்லை, தூக்கம் வந்தவள்போல். தரையில் விழுந்தபோது வாய் தானாகத் திறந்தது. அவ்வளவு நேரம் உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. கருஞ்சிவப்பாக, கட்டி கட்டியாக. அதற்கு நடுவில், கண் செருகுவதற்கு முன்னால், என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். அந்த ஆண்டில் அவள் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

"நான் வாயத் தொறக்கல."

நான் முக்காலியை விட்டு எழவில்லை. எழ முடியவில்லை. கத்தியது அந்த வாயாடிதான். ஏற்கெனவே பேர் எழுதப்பட்டவன், இனிமேல் இழக்க ஒன்றுமில்லாதவன். பஞ்சைத் துப்பிவிட்டு, "மிஸ்ஸி! டாரா! டாரா!" என்று மலாயில் இரத்தம் இரத்தம் எனக் கத்திக்கொண்டே பின்வாசலுக்குள் பாய்ந்தான். மிஸ்ஸி, "யா அல்லா!" என்று ஓடிவந்தார். வெள்ளைச் சப்பாத்து அந்த ஈரத்தை மிதித்தது. துணியைத் திணித்து, அவள் தாடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே தூக்கிக்கொண்டு சாரின் காருக்குப் போனார். கிள்ளான் மருத்துவமனை போய்ச் சேரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லையாம்.

காரில் ஏறுமுன் சார் என்னைப் பார்த்தார்.

"நீதான பாத்துக்கிட்டு இருந்த?"

"மாத்திரைன்னு நெனச்சேன் சார்."

அவர் நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்? கார் போனதும் நோட்டில் அந்தத் தாளைக் கிழித்தேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. கால்வாயில் போட்டால் மிதக்கும். வாயில் போட்டு மென்று விழுங்கினேன். பென்சில் கரி இவ்வளவு கசக்கும் என்று நினைக்கவில்லை.

அவளுக்கு இரத்தம் சீக்கிரம் உறையாத குறை இருந்ததாம். வீட்டிலும் யாருக்கும் தெரியாது. இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்துவிட்டார்கள் என்றும், குடும்பம் வேறு இடத்துக்கு மாறிப்போகிறது என்றும் இரண்டு வாரம் கழித்து சார் சொன்னார். யாரும் நம்பவில்லை. திரும்பி வராதவள் செத்துப் போனவள்தான், அதுதான் பிள்ளைகளின் கணக்கு. நூலகத்தில் தனியாக இருந்தால் யாரோ முழுங்குகிற சத்தம் கேட்கிறது என்று ஒருத்தி ஆரம்பித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்டது. கட்டுக்கதை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு நூலகத்தில் மட்டும் கேட்கவில்லை. வகுப்பில் எல்லோரும் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கும் அமைதியில் என் பின்னால், மிக அருகில், க்ளுக். வீட்டில் படுத்திருக்கும்போது, பெரியவளான பிறகு பரீட்சை மண்டபத்தில், என் கல்யாணத்தில் தாலி ஏறுவதற்கு முந்தைய அந்த ஒரு கணத்தில். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். கேட்டதாகச் சொன்னால் சிரிப்பீர்கள். சொன்னதில்லை.

இந்த ஆண்டு எங்கள் வகுப்புக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். ஒருவர் பழைய வகுப்புப் படத்தைப் போட்டார்.

"கடைசி வரிசையில ரெட்டச் சட, யாரு இது?"

"அது பல்லு புடுங்கி செத்துப்போன புள்ள லா."

வரிசையாகக் கைகூப்பும் படங்கள் விழுந்தன. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பலும் கண்ணீரும் ஓய்ந்த பிறகு, சில நாள்களுக்குமுன் சேர்ந்திருந்த, பெயர் போடாத ஒரு எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"செத்தவங்கள எல்லாம் குரூப்ல சேத்துக்குவீங்களா? நான்தான் அது. பண்டமாரான்ல நல்லாத்தான் இருக்கேன் லா."

குழு சிரித்து மாய்ந்தது. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் எனக்குத் தனியாக எழுதினாள். "நீ மானிட்டர்தான? வர்ற வியாழக்கெழம மகளுக்குப் பல்லு எடுக்கணும், கோலாலம்பூர் வர்றோம். அவளுக்கும் என்னோட ரத்தம்தான், அதனால பெரிய ஆஸ்பத்திரிலதான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி பிரிக்ஃபீல்ட்ஸ்ல பசியாறுவோம், வர்றியா? மக ஒன்னப் பாக்கணும்னு நிக்கிறா."

எதற்கு என்னைப் பார்க்க வேண்டும்? நான்கு இரவு அந்தக் கேள்வியோடு புரண்டேன். ஏன் பெயரை எழுதினாய் என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்றும் நினைத்தேன்.

மோனோரயில் போகிற தடத்துக்குக் கீழே ஒரு தோசைக் கடை. அவளுக்கு இப்போது கட்டையாக வெட்டிய முடி, துறைமுகச் சரக்கு அலுவலகத்தின் அடையாள அட்டை கழுத்தில். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "அப்படியே இருக்க லா, மூஞ்சி மட்டும் பெருசாயிருச்சு" என்றாள். அவளுக்குக் குரல் இருந்தது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. பக்கத்தில் பதின்மூன்று வயது மகள். அதே கண்கள். தோசையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. முழங்கையில் ஒரு நீலக் கன்றல்.

"ஆன்டி, நீங்கதான் அந்த மானிட்டரா? ஊசி போடப் போறப்பல்லாம் அம்மா ஒங்க கதையத்தான் சொல்வாங்க. நீங்கதான் மொதல்ல பாத்துட்டு ஓடிப்போய் மிஸ்ஸியக் கூட்டிட்டு வந்தீங்களாம்ல?"

எடுத்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தேன். தாய் தலையைத் தூக்காமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார் வாயும் செவப்பா இருந்துச்சாம். அப்பறம் நீங்க எப்படி ஆன்டி கண்டுபுடிச்சீங்க?"

இப்போது அவள் நிமிர்ந்தாள். தகரச் சாய்ப்புக்குக் கீழே பார்த்த அதே பார்வை. மகள் இன்னும் ஒரு மணி நேரத்தில் நாற்காலியில் உட்கார வேண்டியவள். இரண்டு முறை பயந்து ஓடிவந்து, இது மூன்றாவது தடவை என்று தாய் குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தாள். என் வாயிலிருந்து எது வந்தாலும் அது இந்தப் பிள்ளையோடு அந்த அறைக்குள் போகும்.

"ஒங்கம்மா முழுங்கிக்கிட்டே இருந்தாம்மா. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அதுவரை உண்மை. அதற்குமேல் நான் போகவில்லை.

பிள்ளை திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனது. அது எட்டிப்போனதும் சொல்லிவிட்டேன். நான் ஓடவில்லை என்று. கத்தியது அந்த வாயாடி என்று. மாத்திரை இல்லை, இரத்தம் என்று எனக்குத் தெரிந்தது என்று. தெரிந்தும் அவள் பெயரை எழுதினேன் என்று.

"தெரியும்" என்றாள்.

பக்கத்து மேசையில் யாரோ, "அண்ணே, ஒரு தே தாரேக்!" என்று தேநீருக்குக் கத்தினார்கள்.

"நீ எழுதுனதப் பாத்தேன். எம்பேரு நீளம்ல, பென்சிலு ரொம்ப நேரம் ஆடுச்சு. யாரு கத்துனாங்கன்னுதான் தெரியாது, கண்ணு இருட்டிருச்சு. கடைசியாப் பாத்தது ஒன் மூஞ்சிதான்."

"அப்பறம் ஏன் மககிட்ட அப்படிச் சொன்ன?"

"பின்ன எப்படிச் சொல்றது? பாத்துக்கிட்டு இருந்தவ பேசாம இருந்துட்டான்னு சொன்னா இவ வாயத் தொறப்பாளா?" இலையை மடித்தாள். "ஒனக்காகச் சொல்லல. இவளுக்கு ஒரு ஆளு வேணும். பாக்கும், எந்திரிக்கும், ஓடும். அந்த மாரி ஒரு ஆளு இருக்குன்னு தெரியணும். எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒன்னுதுதான் இருந்துச்சு."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாயாடி இப்போது எங்கே என்று மட்டும் கேட்டாள். குழுவில் யாருக்கும் தெரியவில்லை என்றேன். "கண்டுபுடி" என்றாள். மானிட்டரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

மகள் திரும்பி வந்து பையை மாட்டிக்கொண்டது. "ஆன்டியும் வாங்களேன்" என்றது. தாயைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள். போனேன்.

மருத்துவர் தாராள மனதுக்காரர், ஒருவர் உள்ளே நிற்கலாம் என்றார். அம்மாவுக்கு இரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்று பிள்ளை என்னைத்தான் உள்ளே இழுத்தது. மருந்து ஏற்றி, பல் எடுத்து, துணி வைத்து, மூன்று மணி நேரம் படுக்கையில் வைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அந்த மூன்று மணி நேரமும் நான் பக்கத்தில் நின்றேன். முழுங்கினாயா, ஈரமாக இருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டேன். மூன்றுமுறை தாதியைக் கூப்பிட்டேன், மூன்றுமுறையும் ஒன்றுமில்லை. நாலாவது முறை நான் கதவுப் பக்கம் திரும்பியபோது பிள்ளை தன் கைப்பேசியில் எதையோ தட்டி என்னிடம் காட்டியது.

"ஆன்டி, ஓகே லா! ஒக்காருங்க!"

உட்கார்ந்தேன். அடுத்த நிமிடமே எழுந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் மனத்தில் எழுந்து ஓடுகிற பத்து வயது மானிட்டர் நான் இல்லை என்று எனக்கும் அவள் தாய்க்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் இப்போதெல்லாம் என் எதிரே யாராவது ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால், என்ன ஏது என்று யோசிப்பதற்கு முன்னால் எழுந்து நின்றுவிடுகிறேன்.